யாவாரம் நடந்தால் சண்டை வராதோ?

"அமெரிக்காவும் சீனாவும் ஒருநாளும் அடிபடாது மச்சான். அவன்ர சாமான் வராட்டி இவன்ர கடை பூட்டு. இவன் வாங்காட்டி அவன்ர தொழிற்சாலை பூட்டு. பிறகு என்னத்துக்குச் சண்டை?"

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சான் ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் சொல்லும் தீர்ப்பு இது. வீடு வாங்கி விற்கிற தொழிலில் நன்றாக வந்தவர். நட்டம் வருமென்று தெரிந்தும் ஒருவன் ஒரு காரியத்தில் இறங்குவான் என்பதை அவரால் நம்ப முடிவதில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருட்களுக்கு 145 வீத வரியும், சீனா பதிலுக்கு 125 வீத வரியும் போட்டபோதுகூட அவர் அசையவில்லை. ஒக்ரோபர் கடைசியில் இரண்டு தலைவர்களும் தென்கொரியாவில் சந்தித்துக் கொஞ்சம் இறங்கி வந்ததும், "பார்த்தியோ?" என்று ஒரு சிரிப்பு.

தொலைபேசியில் இதற்குப் பதில் சொல்ல வெளிக்கிட்டால் அவருக்கு வேலைக்கு நேரமாகிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

மச்சான் சொல்வதைப் பெரிய ஆட்களும் சொல்லியிருக்கிறார்கள். 1909இல் நோர்மன் ஏஞ்சல் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் இதையே ஒரு சிறு நூலாக எழுதினார். நாடுகளின் பணமும் கடனும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கிற காலத்தில், ஜெயித்தவனுக்கும் போர் கட்டுபடியாகாது என்பது அவருடைய வாதம். ஜேர்மன் படை லண்டனுக்குள் புகுந்து இங்கிலாந்து வங்கியைக் கொள்ளையடித்தாலும், அடுத்த நாளே ஜேர்மனியின் சொந்த வங்கிகள்தான் ஆட்டம் காணும் என்று எழுதினார். புத்தகம் பல மொழிகளில் இலட்சக்கணக்கில் விற்றது. 1914இல் போர் வெடித்தது. அன்றிலிருந்து மனுசனை எல்லாரும் பகிடி பண்ணுகிறார்கள்.

அது நியாயமில்லை. போர் வராது என்று ஏஞ்சல் சொல்லவில்லை, வந்தால் யாருக்கும் இலாபமில்லை என்றுதான் சொன்னார். நாலு வருசப் போர் முடிந்து ஜெயித்தவனும் தோற்றவனும் கடனாளியாக நின்றபோது அவர் சொன்னது அச்சொட்டாகப் பலித்திருந்தது. 1933ஆம் ஆண்டுக்கான சமாதான நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. அதே 1933 ஜனவரியில்தான் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார் என்பது வேறு கதை. "போரால் இலாபமில்லை" என்பதற்கும் "ஆகவே போர் வராது" என்பதற்கும் நடுவில் ஒரு பெரிய கடல் கிடக்கிறது. மச்சான் அதை ஒரே எட்டில் தாண்டிவிடுகிறார்.

1914இல் ஐரோப்பாவில் இருந்த நெருக்கம் இன்றைய அமெரிக்க-சீன நெருக்கத்துக்குக் குறைந்ததல்ல. ஜேர்மனியின் ஏற்றுமதிக்கு ஆகப் பெரிய வாடிக்கையாளர் பிரித்தானியா. ஜேர்மன் வணிகக் கப்பல்கள் பெருமளவில் லண்டன் லொயிட்ஸில் காப்புறுதி செய்யப்பட்டிருந்தன. போர் வந்து பிரித்தானியக் கடற்படை அந்தக் கப்பல்களை மூழ்கடித்தால் நட்டஈட்டை லண்டன் கட்டவேண்டிவரும் என்ற விசயம் போருக்கு முன்னமே அரச குழுக்களில் பேசப்பட்டது. இன பந்தமும் குறைவில்லை. பிரித்தானிய மன்னர் ஐந்தாம் ஜோர்ஜ், ஜேர்மன் கைசர் இரண்டாம் வில்லியம் இருவருமே விக்டோரியா மகாராணியின் பேரன்மார். ரஷ்யச் சக்கரவர்த்தி நிக்கலஸ் ஜோர்ஜின் பெரியம்மா, சின்னம்மா வழிச் சகோதரன், படத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. போருக்கு முந்தின கிழமைகூட நிக்கலஸும் வில்லியமும் செல்லப் பெயர் போட்டுத் தந்தி அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் காணிச் சண்டை பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை. ஒன்றுவிட்ட சகோதரங்கள்தான் வேலிக் கதியாலுக்காகக் கோடு கச்சேரி ஏறுவார்கள்.

இதில் எனக்கு ஆகப் பிடித்த விசயம் போருக்குப் பிறகு நடந்தது. பிரித்தானிய ஆயுதக் கம்பனியான விக்கேர்ஸ், ஜேர்மனியின் குரூப் (Krupp) ஆயுதக் கம்பனியிடம், அதன் காப்புரிமையில் உள்ள எறிகணைத் திரியைச் செய்யும் அனுமதியைப் போருக்கு முன்பே வாங்கி வைத்திருந்தது. போர் முடிந்த பிறகு குரூப் வழக்கு வைத்தது: எங்கள் திரியைப் போட்டு இத்தனை குண்டு அடித்திருக்கிறீர்கள், அதற்குரிய காசைத் தாருங்கள் என்று. அந்தக் குண்டுகள் விழுந்தது ஜேர்மன் பிள்ளைகளின் தலையில். கடைசியில் ஒரு தொகைக்கு இணக்கமாகி முடித்தார்கள்.

வணிகம் போரை நிறுத்தவில்லை. போரும் வணிகத்தை நிறுத்தவில்லை. இதை ஐரோப்பாவில் இருந்து படிக்கவேண்டிய தேவை யாழ்ப்பாணத்தானுக்கு இல்லை.

அப்பா வெங்காயம் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பியவர். உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் சின்ன வெங்காயத்தைப் பிடியாகக் கட்டி வாங்கி, சுன்னாகத்தில் சாக்குப் போட்டு, லொறியில் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்கு ஏற்றுவார். அங்கே வாங்குபவர் ஒரு சிங்கள முதலாளி. எழுத்தில் ஒன்றும் கிடையாது. முதலாளி சொன்ன விலை விலை, அப்பா சொன்ன நிறை நிறை. முதலாளி குடும்பத்தோடு நயினாதீவு விகாரைக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பக்கத்தில் நாகபூசணி அம்மனுக்கும் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போவாராம். அப்பாவின் சிங்களம் அந்த நாலாம் குறுக்குத் தெருச் சிங்களம், கெட்ட வார்த்தையோடு சேர்த்துப் படித்தது.

அந்தக் காலத்தில் வடக்கையும் தெற்கையும் கட்டியிருந்தது ஒன்றிரண்டு இழையல்ல. தெற்கே சின்னச் சின்னப் பட்டினங்களில்கூட யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக்கடை இருந்தது. யாழ்ப்பாண நகரத்தில் பாண் போட்டது சிங்கள பேக்கரிக்காரர். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயிலில் ஏறாத அரச உத்தியோகத்தர் கிடையாது. செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியாருக்கு வழியெங்கும் சிங்களச் சனம் தண்ணீர் கொடுத்தது.

இவ்வளவும் இருக்கும்போதுதான் தமிழருக்கு எதிரான கலவரங்கள் வந்தன: 1958 நடந்தது, 1977 நடந்தது, 1983 நடந்தது. 83 ஜூலையில் கொழும்பில் எரிந்த தமிழரின் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் சிங்களவர். நெருப்பு வைத்த மறுநாள் அவர்களுக்கும் வேலை போயிற்று. கட்டுபடியாகாது என்ற கணக்கு அந்தத் தெருவில் நின்றவர்களுக்கு விளங்காததல்ல. அந்த நேரத்தில் அந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் வணிகம் எப்போதும் இனிப்பு என்று நினைப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. 1970இல் இருந்து 77 வரை சிறிமாவோ அம்மையாரின் ஆட்சியில் வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கட்டுப்பாடு. நாடு பாணுக்கு வரிசையில் நின்ற அந்தக் காலம் எங்கள் செம்மண் தோட்டக்காரனுக்குப் பொற்காலம். மிளகாய் விற்ற காசில் கல்வீடு கட்டியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். 77இல் ஜே.ஆர். ஜெயவர்தன வந்தார், பொருளாதாரத்தைத் திறந்தார், வெளி வெங்காயமும் மிளகாயும் கப்பலில் வந்து இறங்கின. முதலாளி விலையைக் குறைத்தார். அவரில் பிழையில்லை, பக்கத்துக் கடையில் அதைவிட மலிவாகக் கிடைத்தது. கொழும்புக்கு அது தாராளப் பொருளாதாரம். சுன்னாகத்தில் அது, படித்தும் வேலையில்லாத, தோட்டத்திலும் வருமானமில்லாத பொடியன்களின் தலைமுறை. போர் அதனால் வந்தது என்று சொல்ல மாட்டேன், காரணங்கள் அதைவிட ஆழமானவை. ஆனால் சந்தை திறந்தால் சமாதானம் தானாக வரும் என்பவர்கள் 77க்கும் 83க்கும் இடையில் வலிகாமத்தில் ஒரு வருசம் தோட்டம் செய்து பார்த்திருக்கவேண்டும்.

பிறகு 1990. யாழ்தேவி நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சீமெந்து இல்லை, யூரியா இல்லை. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. வானொலி கேட்பதற்குச் சயிக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை. சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும்.

அப்பாவின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெயில் என்ஜின் குளிரில் பிடிக்காது. அதனால் மருந்துப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும், கிட்டத்தட்டத் தங்கம் மாதிரி. காபரேற்றருக்குள் நாலைந்து துளி விட்டு உதைத்தால் பிடிக்கும், சூடேறும்வரை கொஞ்சம் முறுக்கி வைத்திருந்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். அவசரப்பட்டு மாறினால் நின்றுவிடும், இன்னும் நாலு துளி செலவு. வெள்ளைப் புகை றோட்டை மூடும். பிளக்கைக் கழற்றித் தேய்க்காமல் யாழ்ப்பாணத்துக்குள் ஒரு தூரப் பயணம் போனவர் கிடையாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த நாலு துளிப் பெற்றோல்தான் நாங்கள் தெற்கோடு எவ்வளவு கட்டுண்டிருந்தோம் என்பதை எனக்குக் காட்டியது. கட்டு இல்லாத இடத்தில் தடை போட முடியாது. நாட்டுக்கு நாடு எதுவும் வாங்காமல் விற்காமல் இருந்தால் "நிறுத்திவிடுவேன்" என்று யாரும் மிரட்ட முடியாது. துலாவில் தண்ணீர் அள்ளுகிற கயிறும், மாட்டைக் கட்டிவைக்கிற கயிறும் ஒரே கடையில் வாங்கியவைதான். மறுநுனி யார் கையில் என்பதுதான் கேள்வி.

ஜப்பானின் கதை இதுதான். 1941 நடுவரை ஜப்பான் தனக்கு வேண்டிய எண்ணெயில் ஏறக்குறைய 80 வீதத்தை அமெரிக்காவிடம் வாங்கியது. சீனாவிலும் இந்தோசீனாவிலும் ஜப்பான் செய்துகொண்டிருந்ததை நிறுத்துவதற்காக அமெரிக்கா அந்தக் குழாயை மூடியது. மச்சானின் கணக்குப்படி ஜப்பான் பணிந்திருக்கவேண்டும். கையிருப்பு தீருமுன் கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெயைப் பிடித்தாகவேண்டும், அதற்கு முன் அமெரிக்கக் கடற்படையை அடிக்கவேண்டும் என்று ஜப்பான் வேறு கணக்குப் போட்டது. டிசம்பர் 7இல் பேர்ள் ஹாபர். நாலு மாதத்தில், 1942 ஏப்ரல் 5ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானியக் குண்டு விழுந்தது. இன்றைக்கு நடக்கிற வணிகத்தைவிட, நாளைக்கு அது நடக்குமா என்ற பயம்தான் அரசுகளை ஆட்டுகிறது. இன்று எவ்வளவு விற்றாலும், நாளை மூடிவிடுவான் என்று தோன்றினால் அந்த நெருக்கமே சண்டைக்குக் காரணமாகிறது. சீனா அருமண் கனிமங்களுக்குக் கட்டுப்பாடு போடுவதையும், அமெரிக்கா நுண்சிப்புகளை மறுப்பதையும் நான் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். இரண்டு பேரும் மறுநுனியைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்கள்.

சரி, எங்கள் தடைக்காலத்துக்குத் திரும்புகிறேன், சொல்லவேண்டிய விசித்திரம் ஒன்று மிச்சம் இருக்கிறது. போர் உச்சத்தில் நடந்தபோதும் கொழும்பு அரசு புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்த ஆசிரியர்களுக்கும், கச்சேரி எனப்படும் மாவட்ட அரச அலுவலகத்தின் உத்தியோகத்தருக்கும் சம்பளம் அனுப்பியது. மாவட்ட நிர்வாகத்துக்கு அரசாங்க அதிபர் இருந்தார். க.பொ.த. உயர்தர வினாத்தாள் கொழும்பில் இருந்து வந்தது, விடைத்தாள் கொழும்புக்குப் போனது. மேலே குண்டு போடுகிற விமானம், கீழே அதே அரசின் வினாத்தாளுக்கு விடை எழுதுகிற பிள்ளைகள். கையில் புழங்கியது மத்திய வங்கியின் நோட்டு. தடை செய்த சாமானும் வந்தது: தாண்டிக்குளத்தில், கிளாலிக் கடலில், யார் யாருக்கோ கை மாறி, பத்து மடங்கு விலையில். அந்த வணிகத்தில் இரு பக்கமும் காசு பார்த்தவர்கள் இருந்தார்கள். சண்டை ஓய்வதால் அவர்களுக்கு என்ன இலாபம்?

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம், ஏப்ரலில் கண்டி-யாழ்ப்பாண ஏ9 வீதி திறப்பு. யாழ்ப்பாணம் இப்படி நிறைந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் நயினாதீவுக்குப் போனது. கஸ்தூரியார் வீதியில் சிங்களம் கேட்டது. புது வங்கிக் கிளைகள், லீசிங் கம்பனிகள், தவணைக்கு மோட்டார் சைக்கிள். புலிகளுக்கு வரி கட்டி, இராணுவத்துக்குப் பதிவு காட்டி, லொறிகள் இரண்டு திசையிலும் ஓடின. இவ்வளவு முதலீடு வந்த பிறகு இனிச் சண்டை பிடிக்க எவனுக்கும் மனம் வராது என்று சந்தைக்குள் எல்லாரும் நம்பினார்கள். 2006 ஓகஸ்ட் 11இல் ஏ9 வீதியின் முகமாலைச் சோதனைச்சாவடி மூடப்பட்டது. லீசிங் தவணை மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். சண்டையால் நட்டப்படுகிறவனும் சண்டையைத் தீர்மானிக்கிறவனும் வேறுவேறு ஆட்களாக இருக்கும்வரை, வணிகம் எவ்வளவு பெருத்தாலும் அது போருக்குப் பூட்டாகாது. அப்பாவும் முதலாளியும் நட்டப்பட்டார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. 1914இல் லொயிட்ஸ்காரனையும் கேட்கவில்லை. தீர்மானிக்கிற மேசையில் நட்டப்படுகிறவனுக்கு ஒரு கதிரை இருக்கவேண்டும், அல்லது கட்டை ஒருவன் தனியே அறுக்க முடியாதபடி செய்திருக்கவேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் நல்லெண்ணம்தான்.

இரண்டாவது வகைக்கு எல்லாரும் காட்டுகிற உதாரணம் ஐரோப்பா. 1950 மே 9இல் பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் ரொபேர் ஷூமான், பிரான்சினதும் ஜேர்மனியினதும் நிலக்கரியையும் உருக்கையும் ஒரே அதிகாரத்தின் கீழ் கொண்டுவருவோம் என்றார். அடுத்த வருசம் ஆறு நாடுகள் பாரிசில் கையெழுத்திட்டன. குண்டு செய்கிற உருக்கையே பொதுவில் வைத்துவிட்டால் ஒருவன் களவாக ஆயுதம் செய்ய முடியாது. கெட்டித்தனமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் இதைச் சொல்கிறவர்கள் ஒழுங்கைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டு போட்டது போர் முடிந்த பிறகு. ஜேர்மனி தோற்று, இரண்டாகப் பிளந்து, அந்நியப் படைகள் உள்ளே நிற்கும்போது. முதலில் சண்டை ஓய்ந்தது, பிறகுதான் உருக்கு. அதைத் திருப்பிப் போட்டு, உருக்கு விற்றால் சண்டை ஓயும் என்று சொல்ல முடியாது. 1941 ஜூன் 22 விடியற்காலையில் ஹிட்லரின் படை சோவியத் எல்லையைத் தாண்டியபோது, ஒப்பந்தப்படி ஜேர்மனிக்குத் தானியம் ஏற்றிய சோவியத் ரயில்கள் அந்த இரவிலும் மேற்கே போய்க்கொண்டுதான் இருந்தன.

நம் காலத்திலும் குறைவில்லை. ரஷ்யா 2022 பெப்ரவரியில் உக்ரைனுக்குள் புகுந்த பிறகும், உக்ரைன் வழியாகப் போன குழாயில் ரஷ்ய எரிவாயு 2025 ஜனவரி 1 வரை ஐரோப்பாவுக்குப் போனது. குண்டும் விழுந்தது, கடவுக் கட்டணமும் கட்டுப்பட்டது. அந்த இரு நாட்டுக்கும் இடையில் கொண்டான் கொடுத்தான் இல்லாத குடும்பம் குறைவு. 2020 ஜூனில் எல்லையில் உள்ள கல்வானில் 20 இந்தியச் சிப்பாய்கள் சீனருடன் கைகலப்பில் செத்தார்கள். அடுத்த வருசமே இந்திய-சீன வர்த்தகம் முதன்முறையாக 100 பில்லியன் டொலரைத் தாண்டியது. மக்டொனால்ட்ஸ் கடை உள்ள இரண்டு நாடுகள் தங்களுக்குள் போரிட்டதில்லை என்று தொண்ணூறுகளில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் எழுதினார். 1999இல் கார்கில் போர் வந்தது, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் கடை இருந்தது. கொழும்பிலும் 1998இல் அந்தக் கடை திறந்தார்கள். ஆனால் எங்களுடையது உள்நாட்டுப் போர், அந்தக் கணக்கில் சேராது.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வேறு இரண்டு பெரியவர்கள் கட்டுப் போட வந்திருக்கிறார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்டச் சீனரா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த வருசக் கடைசியில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் நிறுத்துகிறோம் என்று சீனத் தூதரகம் அறிவித்தது. அதே டிசம்பரில் சீனத் தூதுவர் வேட்டி கட்டி, மேலுடம்பு வெறுமையாக, நல்லூரானைக் கும்பிட்டார். 2022 மார்ச்சில் அந்த மின்திட்டம் இந்தியாவின் நன்கொடைத் திட்டமாயிற்று. நகர நடுவில் இந்தியா கட்டித்தந்த பதினொரு மாடிக் கலாசார மண்டபம், இப்போது வள்ளுவர் பெயரோடு, நிற்கிறது. 2015இல் மோடி அடிக்கல் வைத்து, 2023 பெப்ரவரியில் திறந்தது. சீனா எங்கள் மீனவருக்கு வலையும் அரிசியும் கொடுத்தது, கடலட்டையை வாங்குகிறது. பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம், காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல்.

எல்லாம் நல்லதுதான், நானும் அந்தக் கப்பலில் போக ஆசைப்படுகிறவன். ஆனால் இந்தக் கட்டுகளைப் போட்டிபோட்டுக் கொண்டுவருகிறவர்கள் ஒருவரையொருவர் வெளியே தள்ளத்தான் கொண்டுவருகிறார்கள். எங்கள் வேட்டியும் வள்ளுவரும் நல்லூரும் அவர்களின் களம். கலாசார உறவு பகையை ஆற்றும் என்று கருத்தரங்கில் பேசுவது சுலபம். இங்கே பகைதான் கலாசார உறவை வளர்க்கிறது.

கலாசார உறவு என்றால் பாக்கு நீரிணையைவிட நெருக்கம் எங்கே இருக்கிறது? இந்தப் பக்கமும் தமிழ், அந்தப் பக்கமும் தமிழ். ஒரே அந்தோனியார், ஒரே முருகன், பல குடும்பங்களில் ஒரே பாட்டன். ஆனால் திங்கள், புதன், சனி இரவுகளில் எங்கள் கரையோர மீனவர் பலர் வலை போடுவதில்லை. அந்த நாட்களில்தான் ராமேஸ்வரத்து இழுவைப் படகுகள் வரும். கரையில் நின்று பார்த்தால் கடலுக்குள் ஒரு பட்டணம் விளக்கேற்றியது போலத் தெரியும். அந்த இழுவைப் படகு ஒருதரம் இழுத்துக்கொண்டு போனால், நகை அடகு வைத்து வாங்கிய வலை முழுதும் போகும். அடிக்கடல் மண்ணும் குஞ்சும் சேர்ந்து போகும். இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், கடற்படை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

வருசத்துக்கு ஒருமுறை கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் இரு கரையும் சந்திக்கும். கடவுச்சீட்டு இல்லை. இரு பக்கத்துக் குருமாரும் சேர்ந்து பூசை வைப்பார்கள், அந்தப் பக்கத்துச் சனம் தேங்காயெண்ணெயும் சவர்க்காரமும் வாங்கும், எங்கள் சனம் சேலையைப் பார்க்கும். 2024இல் அந்தத் திருவிழாவையும் ராமேஸ்வரத்து மீனவர்கள் புறக்கணித்தார்கள், பிடிபட்டவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்ததற்கு எதிர்ப்பாக. அந்தோனியாரும் தடைப் பட்டியலில் ஏறினார்.

அதற்கு முந்தின ஒரு திருவிழாவில், குறிகட்டுவானில் இருந்து என்னோடு வந்த மீனவர் ஒருவர், அந்தப் பக்கத்து இழுவைப் படகில் வேலை செய்கிற ஒருவரோடு நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார். கோபத்தில் தொடங்கி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதில் வந்து நின்ற கதை. "உங்கட முதலாளி திருவிழாவுக்கு வரேல்லையோ தம்பி?" என்று இவர் கேட்டார்.

"அவரு எங்கண்ணே வரப்போறாரு. அவருக்கு ரெண்டு போட்டு. நாங்க பங்குக்குப் போறவங்க. அவரு கடலையே பாத்து வருசமாச்சு."

ஆழ்கடலுக்கு மாறுகிற திட்டம் இருக்கிறதே என்று நான் நடுவில் கேட்டேன். 2017இல் இந்திய அரசும் தமிழ்நாடும் சேர்ந்து கொண்டுவந்த திட்டம்: 2,000 இழுவைப் படகுகளைக் கைவிடச் செய்து, 80 இலட்சம் ரூபாய் ஆழ்கடல் படகு ஒவ்வொன்றுக்கும் 70 வீதம் மானியம். கட்டி முடித்து இறங்கியவை மிகச் சில. அவருக்குத் திட்டம் தெரிந்திருந்தது. சூரை பிடிக்கக் கிழமைக்கணக்கில் கடலில் கிடக்கவேண்டும், அந்தத் தொழில் தங்களுக்குப் பழக்கமில்லை, மானியம் போக மிச்சத்தை யார் போடுவது என்றார்.

"இருக்கிற கடனே முடியல. ஒரு போட்ட உங்க நேவி புடிச்சு காரைநகர்ல கட்டி வச்சிருக்கு, அது மக்கிப்போச்சு. ஆனா அதுக்கு வாங்குன கடனுக்கு வட்டி ஓடிக்கிட்டுதான் இருக்கு. அத கட்டத்தான் இந்தப் போட்டு உங்க பக்கம் வருது."